வெள்ளித் துகளும் வடிதாளும்: வாசகர் கேள்வி – பதில்

வேதிப்பொருள்களை மிகக் குறைந்த அளவிலும் கண்டறிய உதவும் வெள்ளி நானோ துகள் தாள்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்தத் தாள்களைக் குறைந்த செலவில் நம் கல்லூரிகளிலேயே செய்துகொள்ள முடியும் என்று அதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வெள்ளித் துகள்களைத் தாங்கி நிற்கும் தாள், தகடு போன்றவற்றை ஆய்வகங்களில் ‘சப்ஸ்ட்ரேட்’ என்பார்கள்; அதை இங்கே ‘தட்டு’ என்றும், உலோகப் பரப்பின் உதவியால் ராமன் ஒளியைப் பெருக்கிப் பொருளை அடையாளம் காணும் இந்த முறையை (Surface-Enhanced Raman Scattering) ஆய்வாளர்கள் சொல்வதுபோலச் சுருக்கமாக ‘செர்ஸ்’ என்றும் குறிப்பிடுகிறேன்.

பிப்ரவரி 28-ஆம் தேதியைத் தேசிய அறிவியல் நாளாக எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். ராமன் விளைவை மாணவர்களுக்குச் சொல்கிறோம். அதற்கும் வெள்ளித் துகளுக்கும் என்ன தொடர்பு?
– இயற்பியல் ஆசிரியர், திருச்சி

ஒரு பொருளின் மீது ஒரே நிறமுள்ள ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் வரும். ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களுக்கு ஒன்றுதான் மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்தோ அதிலிருந்து சிறிது பெற்றுக்கொண்டோ நிறம் மாறி வெளியேறும். 1928-இல் கொல்கத்தாவில் ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் ஏறத்தாழ 60 திரவங்களில் இந்த நிற மாற்றத்தைக் கண்டார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அதிர்வுகளைக் கொண்டிருப்பதால், நிறம் மாறிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அது எந்தப் பொருள் என்று கைரேகையைப்போல அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் கோடியில் ஒன்று என்பது மிக மிகக் குறைவு. பொருள் தாராளமாக இருக்கும்போது அது போதும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் பூச்சிக்கொல்லி கரைந்திருந்தால் அதன் குரல் கேட்கவே கேட்காது.

1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மக்வில்லன் ஆகிய மூவரும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனை ஒன்றின்மீது படிந்த பிரிடின் என்ற வேதிப்பொருளின் மூலக்கூறுகளை ஆராய்ந்தபோது, ராமன் ஒளி எதிர்பாராத வலிமையோடு வந்தது. சொரசொரப்பால் பரப்பு கூடிவிட்டது, அதனால் கூடுதல் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன என்று அவர்கள் கருதினார்கள். 1977-இல் அமெரிக்காவில் ஜீன்மேரும் வான் டைனும், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்டும் கிரைட்டனும் தனித்தனியே கணக்கிட்டபோது, பரப்பின் பெருக்கம் மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்பது தெளிவாயிற்று. ஒவ்வொரு மூலக்கூறும் லட்சம் மடங்கும் அதற்கு மேலும் கூடுதலாக ஒளி சிதறிக்கொண்டிருந்தது.

காரணம், உலோகத்தில் தளையின்றி உலவும் எலக்ட்ரான்கள். நானோ அளவுள்ள வெள்ளித் துகளின் மீது அதற்குப் பொருந்தும் நிறத்தில் ஒளி பட்டால், அந்த எலக்ட்ரான் கூட்டம் முழுவதும் ஒன்றாக ஊசலாடி, துகளின் மேற்பரப்பை ஒட்டி மின்புலத்தைப் பன்மடங்காக்குகிறது. உள்ளே வரும் ஒளியும் பெருகுகிறது, மூலக்கூறு வெளிவிடும் ஒளியும் பெருகுகிறது. ஆகையால் மின்புலம் 10 மடங்கானால் ராமன் ஒளி 10,000 மடங்காகும், மின்புலம் 30 மடங்கானால் ராமன் ஒளி 8 லட்சம் மடங்காகும். நான்காம் அடுக்கில் ஏறும் இந்தக் கணக்கை உங்கள் மேல்நிலை மாணவர்களே கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் துறையில் ராமன் கருவி இருக்கிறது. ஆனால் விலைக்கு வரும் செர்ஸ் தட்டுகளை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நாங்களே செய்துகொள்ளலாம் என்றால் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?
– முதுகலை வேதியியல் மாணவி, மதுரை

வெள்ளி விலையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். வெள்ளி நானோ துகள்களைச் செய்ய லீ, மைசல் என்ற ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 90 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட்டை 500 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, 1 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் கரைசலில் 10 மில்லிலிட்டரைச் சேர்த்து, நன்றாகக் கலக்கியபடியே ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். நிறமற்ற நீர் முதலில் இளமஞ்சளாகி, பிறகு பச்சை கலந்த சாம்பல் மஞ்சளாக மாறும். வெள்ளித் துகள்கள் மிதக்கும் இந்த நீரைத்தான் கூழ்மம் என்கிறோம். அந்த 90 மில்லிகிராமில் உள்ள வெள்ளி 57 மில்லிகிராம்தான். அதை மையவிலக்கியில் சுழற்றிப் பத்து மடங்கு அடர்த்தியாக்கி, தட்டு ஒன்றுக்கு 5 மைக்ரோலிட்டர் வீதம் வைத்தால் ஏட்டுக் கணக்கில் 10,000 தட்டுகள் வரும். ஒரு தட்டுக்குள் போகும் வெள்ளி ஆறு மைக்ரோகிராம் கூட இல்லை. விலைக்கு வரும் தட்டுகளில் நீங்கள் கொடுக்கும் பணம் உலோகத்துக்குப் போவதில்லை. ஒரு தட்டைப்போலவே அடுத்த தட்டும் இருக்கும் என்ற உறுதிக்குத்தான் போகிறது. அந்த உறுதியை நீங்கள் உழைப்பால் சம்பாதிக்க வேண்டும். குறைந்த விலைத் தட்டைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு விஷயம்தான்.

முதலில் நீர். பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் மூன்று வாரமாகக் கூழ்மம் சரியாக வரவே இல்லை. சிட்ரேட்டை மாற்றினோம், அடுப்பை மாற்றினோம், கலக்கும் வேகத்தை மாற்றினோம். ஒரு நாள் வெளிச்சத்துக்கு எதிரே குடுவையைப் பிடித்துக்கொண்டு வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டியபோது, சொட்டு விழுந்த இடத்தில் பால் திரிந்ததுபோல மெல்லிய வெண்படலம் ஒன்று சுருண்டு இறங்கியதைப் பார்த்தேன். காய்ச்சி வடித்த நீர் என்று எழுதி ஒட்டியிருந்த கேனில் யாரோ குழாய்த் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். அதிலிருந்த குளோரைடு வெள்ளியைப் பிடித்து வெள்ளி குளோரைடாகப் படிய வைத்துக்கொண்டிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்கும் முன்பு சிறிது நீரைச் சோதனைக் குழாயில் எடுத்து ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்க்காமல் நான் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. இதே காரணத்தால், தங்கக் கூழ்மம் செய்த குடுவையை இராஜ திராவகத்தால் கழுவும் பழக்கத்தை வெள்ளிக் குடுவைக்குக் கொண்டுவராதீர்கள். இராஜ திராவகத்தில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் குளோரைடையே மிச்சம் வைக்கும். வெள்ளிக்கு நைட்ரிக் அமிலமே ஏற்றது.

அடுத்தது தாள். வாட்மேன் முதல் எண் வடிதாளே போதும். தாளின் இழைகளுக்கிடையில் துகள்கள் சிக்கி ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். இரண்டு துகள்களுக்கு நடுவே ஒரு சில நானோமீட்டர் இடைவெளி உள்ள இடங்களில்தான் மின்புலம் உச்சத்துக்குப் போகிறது. இவற்றை ‘ஹாட் ஸ்பாட்’ என்பார்கள். மெழுகால் சிறு வட்டங்கள் அச்சிட்டு அவற்றுக்குள் கூழ்மத்தை வைத்தால் சொட்டு பரவாமல் நிற்கும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் யூ, ஒயிட் ஆகிய இருவரும் 2010-இல் சாதாரண இங்க்ஜெட் அச்சுப்பொறியைக் கொண்டே வெள்ளித் துகள்களைத் தாளில் அச்சிட்டுக் காட்டினார்கள். தாளுக்கும் தனக்கென ஒரு ராமன் கையெழுத்து உண்டு. நிறம் எவ்வளவு மாறியது என்பதை ‘அலை எண்’ என்ற அளவால் குறிப்பார்கள்; நிறமாலையில் ஒளி ஓங்கி எழும் இடம் ‘முகடு’. தாளில் உள்ள செல்லுலோஸ் 1,095 அலை எண்ணை ஒட்டி ஒரு முகடு காட்டும். வெற்றுத் தாளின் நிறமாலையை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தாங்கள் தேடும் பொருள் என்று எண்ணிவிடுவதுண்டு.

கண்ணாடித் தகட்டில் சொட்டி உலர விட்டால் வேறொரு சிக்கல் வரும். டபராவின் அடியில் சிந்திய காப்பி காய்ந்த பிறகு பாருங்கள்: நடுவில் வெளிறியும் ஓரத்தில் கரும்பழுப்பு வளையமாகவும் இருக்கும். சொட்டின் ஓரம் முதலில் உலர்வதால் உள்ளிருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஓடி, தன்னோடு துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. வெள்ளிக் கூழ்மத்திலும் அதுவே நடக்கும். வளையத்தில் லேசரை வைத்தால் அபாரமான முகடுகள், நடுவில் வைத்தால் ஒன்றுமில்லை. வளையத்தில் கிடைத்த ஓர் அளவீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மகிழ்ந்துவிடாமல், ஒரு தட்டில் குறைந்தது பதினைந்து இருபது இடங்களில் அளந்து சராசரியும் சிதறலும் எழுதுங்கள். கையால் செய்த தட்டில் அந்த வேறுபாடு 20 சதவீதத்துக்குள் அடங்கினால் நீங்கள் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள்.

செப்புக் கம்பியை வெள்ளி நைட்ரேட் கரைசலில் போட்டால் வெள்ளி மரம்போலக் கிளைத்து வளரும் சோதனையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். அந்த வெள்ளி இதற்கு உதவுமா?
– வேதியியல் ஆசிரியை, விருதுநகர்

உதவும். ராமனோடு உழைத்த கிருஷ்ணன் பிறந்த வத்திராயிருப்பு உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால், இந்தக் கேள்வி அங்கிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வெள்ளி அயனியின் திட்ட மின்முனை அழுத்தம் 0.80 வோல்ட், செம்பு அயனிக்கு 0.34 வோல்ட். ஆகையால் செம்பு கரைந்து அயனியாகி வெளியேற, வெள்ளி அதன் இடத்தில் உலோகமாகப் படிகிறது. வெளியிலிருந்து மின்சாரமும் வேண்டாம், ஒடுக்கும் வேதிப்பொருளும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். நீங்கள் வகுப்பில் காட்டும் மரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிட்டது; நமக்கு வேண்டியது அதன் குழந்தைப் பருவம். செப்புத் தகட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி எடுத்து, நல்ல நீரில் அலசி, 100 மில்லிலிட்டர் நீருக்கு 170 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட் என்ற அளவில் உள்ள கரைசலில் சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடம் வரை வைத்தால், செந்நிறம் மங்கிச் சாம்பல் பூத்ததுபோல ஆகும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் சாம்பல் முழுவதும் பெரணி இலைகளைப்போன்ற வெள்ளிக் கிளைகள். கிளைகளின் கூர்முனைகளிலும் அவற்றுக்கு இடையிலுள்ள சந்துகளிலும் மின்புலம் வலுவாக இருக்கும். நேரம் நீள நீளக் கிளைகள் தடித்துப்போய்ப் பயன் குறையும். எனவே 10 நொடி, 30 நொடி, 60 நொடி, 120 நொடி என நான்கு தகடுகளைச் செய்து ஒப்பிடுங்கள். மிச்சமிருக்கும் செம்பு காற்றில் ஆக்சைடாகி மங்கும் என்பதால் செய்த அன்றே பயன்படுத்திவிடுவது நல்லது.

ரோடமின் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தார்களே, நீங்கள் சொல்லும் தாளை வாங்கிக் கடையிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?
– இரண்டு குழந்தைகளின் தாய், புதுச்சேரி

தாளில் மட்டும் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. லேசரும் நிறமாலை பிரிக்கும் கருவியும் வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் அளவுக்கு ராமன் கருவிகள் வந்துவிட்டாலும் அவை வீட்டுக்கு வாங்கும் விலையில் இல்லை. எனவே உங்கள் கேள்விக்கு நேரான பதில், இப்போது முடியாது என்பதுதான். சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவியுங்கள்.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதிக்கக் காரணமான அந்த ரோடமின்-பி, செர்ஸ் முறைக்கு மிக எளிதில் அகப்படும் சாயம். பச்சை லேசர் பட்டால் அது தானே பிரகாசமாக ஒளிர்ந்து ராமன் முகடுகளை மூழ்கடித்துவிடும். வெள்ளியை ஒட்டிய மூலக்கூறில் அந்த ஒளிர்வு அணைந்து முகடுகள் தெளிவாக எழும்பும். சர்க்கரையோ வெள்ளியோடு ஒட்டாது, அதன் ராமன் ஒளியும் வலுவற்றது. ஆகவே மிட்டாயின் இனிப்பு குறுக்கே நிற்காது. இருந்தும், கண்ணைப் பறிக்கும் அளவுக்குச் சாயம் போட்ட மிட்டாய்க்கு இந்த முறை அவசியமே இல்லை என்பது என் கருத்து. ஆய்வகத்தில் சாயத்தைப் பிரித்தெடுத்து மெல்லடுக்கு நிறப்பகுப்பு செய்தாலே தெரிந்துவிடும். அனுமதிக்கப்பட்ட எரித்ரோசின் போன்ற சாயத்தோடு தடை செய்யப்பட்ட சாயத்தைச் சிறிதளவு கலந்து, நிறத்தால் பிரித்தறிய முடியாதபடி செய்திருந்தால் அங்கே செர்ஸ் தன் வேலையைக் காட்டும்.

திராட்சையில் மருந்து மிச்சமிருக்கிறதா என்று இந்தத் தாளால் பார்க்கலாம் என்கிறார்கள். ஒரே தாள் எல்லா மருந்துக்கும் போதுமா?
– திராட்சை விவசாயி, கம்பம்

போதாது, ஐயா. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் வருவது திரம் என்ற பூஞ்சைக்கொல்லி. அதன் மூலக்கூறின் நடுவில் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. வெள்ளியைக் கண்டதும் அந்தக் கை விலகி, இரண்டு பாதிகளும் கந்தகத்தாலேயே வெள்ளியைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கின்றன. நகை கறுப்பதற்குக் காரணமான அதே ஈர்ப்பு. அதனால் 1,380 அலை எண்ணில் ஓங்கிய முகடு கிடைக்கும். எந்தத் தட்டும் திரத்துக்கு முன்னால் நன்றாகத்தான் தோன்றும். குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் நீரில் சரியாகக் கரைவதுமில்லை, வெள்ளியை அப்படிப் பற்றுவதுமில்லை. அதே தாள் அங்கே பல மடங்கு மந்தமாக இருக்கும். ஆகவே தாளில் முகடு தெரியவில்லை என்பதால் பழத்தில் மருந்தே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

எடுக்கும் விதம் எளிதுதான். தாளைச் சிறிது எத்தனாலில் நனைத்து, பழத்தோலின் மீது ஒத்தி எடுத்து, காய்ந்ததும் கருவியில் வைப்பார்கள். தோல் வழுவழுப்பாக இருக்கும் பழத்துக்கு இது பொருந்தும். பழச்சாறோ பாலோ என்றால் கதை வேறு. 2008-இல் சீனாவில் பாலில் மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்த கொடுமை வெளிவந்த பிறகு, 700 அலை எண் அருகே வரும் மெலமின் முகட்டைத் தேடிப் பலரும் தட்டுகள் செய்தார்கள். நேராகப் பாலைச் சொட்டினால் புரதமும் கொழுப்பும் வெள்ளியை மூடிக்கொண்டு மெலமினுக்கு இடம் விடுவதில்லை. முதலில் அமிலம் விட்டுப் புரதத்தைத் திரிய வைத்து, சுழற்றித் தெளிவெடுக்க வேண்டியிருந்தது. தாளின் விலை சில ரூபாய் என்று சொல்லும்போது இந்த முன்வேலைக்கு ஆகும் செலவையும் நேரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதற்கட்டமாகச் சலித்தெடுக்கத்தான் இது. ஏற்றுமதிக்கான சான்று வேண்டுமென்றால் நிறைநிறமாலைமானி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) உள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

என் திட்டப்பணியில் நான் செய்த தட்டு ராமன் ஒளியில் 100 கோடி மடங்கு மிகைப்பு (பெருக்கம்) தருகிறது என்று கணக்கு வந்திருக்கிறது. அப்படியே எழுதலாமா?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

எழுதும் முன்பு மூன்றைச் சரிபாருங்கள். சோதித்த பொருள் ரோடமின் 6ஜி-யாகவும், லேசர் 532 நானோமீட்டராகவும் இருந்தால், அந்தப் பெருக்கத்தில் ஒரு பெரும்பங்கு சாயமே அந்த நிறத்தை விழுங்குவதால் வருகிறது, தட்டால் வருவதில்லை. 1997-இல் ஒற்றை மூலக்கூறைக் கண்டபோது சொல்லப்பட்ட 100 லட்சம் கோடி மடங்கு என்ற எண்ணும் பின்னாளில் இப்படித்தான் பகுத்துப் பார்க்கப்பட்டது. அடுத்து, லேசர் படும் இடத்தில் எத்தனை மூலக்கூறுகள் இருந்தன என்று எப்படிக் கணக்கிட்டீர்கள்? சொட்டு முழுவதும் சமமாகப் பரவியது என்று வைத்துக்கொண்டு, காப்பி வளையத்தில் அளந்திருந்தால் கணக்கு நூறு மடங்குகூடத் தவறலாம். கடைசியாக, ஒப்பிடும் சாதாரண ராமன் அளவீட்டையும் அதே லென்ஸ், அதே லேசர் வலிமையில் எடுத்தீர்களா?

உங்கள் தேர்வாளருக்கு இதைவிடப் பயனுள்ள ஓர் அட்டவணை உண்டு: வெவ்வேறு நாளில் செய்த ஐந்து தொகுதிகள், தொகுதிக்கு ஐந்து தட்டுகள், தட்டுக்கு இருபது இடங்கள். 2020-இல் வெளியான ஐரோப்பியக் கூட்டு ஆய்வு ஒன்றில் பல ஆய்வகங்கள் ஒரே பொருளான அடினீனை வெவ்வேறு கருவிகளில் அளந்து ஒப்பிட்டுப் பார்த்தன. இந்தத் துறைக்கு இப்போது தேவைப்படுவது அத்தகைய பொறுமையான வேலை. அளவு சொல்ல வேண்டுமானால், அளவு தெரிந்த வேறொரு மூலக்கூறைத் தட்டிலேயே சேர்த்து அதன் முகட்டோடு விகிதம் பாருங்கள். தட்டுக்குத் தட்டு வரும் வேறுபாட்டில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

வெள்ளியா, தங்கமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பச்சை லேசருக்கும் உச்ச உணர்திறனுக்கும் வெள்ளி. 785 நானோமீட்டர் லேசருக்கும் மாதக்கணக்கில் வைத்துப் பயன்படுத்துவதற்கும் தங்கம். வெள்ளித் தாளைக் காற்றுப் புகாத உறையில் வைத்தாலும் சில வாரங்களில் மங்கத் தொடங்கும்.

பள்ளியில் செய்வதற்கு ஆபத்து ஏதும் உண்டா? மீந்த கரைசலை என்ன செய்வது?
– ஆய்வக உதவியாளர், தஞ்சாவூர்

வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்பாகி ஒரு வாரத்துக்கு மேல் போகாது, கண்ணில் பட்டால் பெரும் தீங்கு; கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ராமன் கருவியின் 785 நானோமீட்டர் லேசர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது என்பதால் இமை தானாக மூடிக் காப்பாற்றாது. மாணவர்களைத் திறந்த கற்றையின் அருகே விடாதீர்கள். மீந்த கரைசலைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், வெள்ளி அயனி நீர்வாழ் உயிர்களைக் கொல்லும். ஒரு குடுவையில் சேர்த்து வைத்து, சமையல் உப்புக் கரைசலை விட்டால் வெள்ளி குளோரைடாக அடியில் படியும். அதை வடித்துக் காயவைத்து, கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்கலாம். வெள்ளிக் கண்ணாடிச் சோதனைக்காக அம்மோனியா சேர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசலை மட்டும் ஒரு நாளும் சேமித்து வைக்காதீர்கள். நாள்பட்டால் அதில் வெடிக்கும் தன்மையுள்ள கறுப்பு வீழ்படிவு உண்டாகும். வேலை முடிந்த அந்த மணி நேரத்திலேயே நீர்த்த அமிலம் விட்டு முறித்துவிடுங்கள்.